ராஜா முகம்மது போட்ட மார்க்கு

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். கோழிக்கடைக்காரி நான் சொல்கிறேன், அந்த ஆளை எனக்கு நேரிலேயே தெரியும். பெயர் ராஜா முகம்மது. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் நான் பிராய்லர் கோழி விற்கிறேன். அந்தப் பக்கம் அவன் நாலு டி.வி.யை வைத்துக்கொண்டு ஆட்களை வீடியோ கேமில் ஃபுட்பால் ஆட விடுகிறான். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று கேட்டால், என் கோழிகளுக்குக் கொஞ்சம் அடக்கம் உண்டு என்றுதான் சொல்வேன்.

அவன் அத்தா கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி. அண்ணன்மார் இரண்டு பேரும் போடிக்கும் குமுளிக்கும் அலைந்து தொழில் பார்க்கிறார்கள். கடைக்குட்டிக்கு வெயில் ஆகாது, மூட்டைத் தூசி ஆகாது, அலைச்சல் ஆகவே ஆகாது. எங்கேயாவது ஓரிடத்தில் உட்காரட்டும் என்று இந்தக் கடையை வைத்துக் கொடுத்தார்கள். உட்கார்ந்தான். அந்த ஒரு வேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

ஆரம்பத்தில் அந்த விளையாட்டு எனக்கே புரிந்தது. இரண்டு பேர் உட்கார்வார்கள். ஒரு பட்டன் பாஸுக்கு, ஒரு பட்டன் கோலுக்கு. ஒருத்தன் ஜெயிப்பான், தோற்றவன் கெட்ட வார்த்தை பேசிவிட்டு வீட்டுக்குப் போவான். அதோடு விட்டிருக்கலாம். கம்பெனிக்காரன் விடுவானா? வருஷத்துக்கு ஒரு சி.டி. இறக்கினான். ஒரு வருஷம் டி.வி.க்குள் மழை பெய்தது. அடுத்த வருஷம் ஆடுகிறவன் முகத்தில் வேர்வை தெரிந்தது. அதைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது. வெளியே திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிஜமாக வேர்த்துக் கொட்டுகிறவனை ஒரு பயல் திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகு கேரியர் மோடு என்று ஒன்று வந்தது. அதில் ஆடவே வேண்டாம். மேனேஜராக இருந்து ஆளை வாங்கலாம், விற்கலாம், ஒரு சாயங்காலத்தில் ஒரு வருஷத்தை ஓட்டிவிடலாம். உட்காரத் தெரிந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்! ராஜா முகம்மது கோட்டு ஒன்று தைத்துக்கொண்டான். சத்தியமாகச் சொல்கிறேன், சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு டி.வி.க்கு முன்னால் கையைக் கட்டி நிற்பான். அப்புறம் இன்னொரு மோடு வந்தது. அதில் மேட்ச் பூராவும் நீ ஒரே ஒரு ஆள்தான். பந்து உன்னிடம் வரும் வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும். "ஏலே, பாஸ் பண்ணுங்கடா, இங்கன நான் சும்மா நிக்கிறேன்ல!" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்துவான். சுவருக்கு இந்தப் பக்கம் என் கோழிகள் பயந்து சிறகடிக்கும்.

இதுவெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஊரைக் கெடுத்தது எடிட் மோடு. அது முதலிலிருந்தே மூலையில் கிடந்த சங்கதிதானாம், ஒருத்தரும் சீண்டவில்லை. ராஜா முகம்மது சீண்டினான். அதில் நாமாக ஒரு ஆளைச் செய்யலாம். உயரம், நிறம், மீசை, நடை எல்லாம் வைக்கலாம். வைத்துவிட்டு அவனுக்கு மார்க்குப் போடலாம். வேகத்துக்கு இவ்வளவு, தம்முக்கு இவ்வளவு, பெனால்டிக்கு இவ்வளவு என்று தொண்ணூற்று ஒன்பது வரைக்கும் போடலாம். அவன் நம்ம ஊர் முல்லையாறு டீமையே உள்ளே இறக்கிவிட்டான்.

பொய் சொல்லக் கூடாது, முதல் தடவை பார்த்தபோது நானே அசந்து போனேன். என் கடையில் கோழி அறுக்கிற உமர் பாருக்தான் அந்த டீமுக்கு கேப்டன். அவன் ஏறு நெற்றி அப்படியே இருந்தது. ரபீக்கின் தாடி இருந்தது. என் தம்பி வின்சென்ட் சாக்ஸைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுக்கொண்டு இடதுகாலால் பந்தை உருட்டிக்கொண்டு ஓடினான். தலைக்கு மேலே மார்க்கு மின்னியது. உமருக்கு எண்பத்தொன்று. ரபீக்குக்கு எழுபது. என் தம்பிக்கு அறுபது. நடுவில் பத்தாம் நம்பர் சட்டையோடு சிக்கென்று ஒருத்தன் நின்றான். தொண்ணூற்று நாலு. பெனால்டிக்கு மட்டும் தனியாகத் தொண்ணூற்று ஏழு. யாரென்று உற்றுப் பார்த்தால் நம்ம ராஜா முகம்மது, தொப்பை இல்லாமல்!

தம்பிக்கு ஏன் அறுபது என்றால், அதற்கு ஒரு கதை உண்டு. ஒரு நாள் தெருவில் ஆடிய பந்து அவன் கடை வாசலுக்கு உருண்டு போனது. "பாய், மிதிச்சு விடுங்க" என்றான் வின்சென்ட். பாய் மிதித்தார். செருப்பு பறந்துபோய் என் கடைக் கூண்டில் விழுந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. வின்சென்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் அறுபது.

நான் கோழியைக்கூட தராசில் வைத்துத்தான் விற்கிறேன். இவன் டி.வி. முன்னால் உட்கார்ந்தபடியே மனுஷனை எடை போட்டான். அதை நம்புவதற்கு ஒரு ஊர் இருந்தது, அதுதான் எனக்கு ஆறவில்லை. ரபீக் பக்ரீத்துக்கு ஒரு தூக்குச்சட்டி பிரியாணி கூடுதலாகக் கொண்டுபோய்க் கொடுத்தான், அவன் வேகம் எழுபத்தி நாலானது. மாப்பிள்ளை விசாரிக்க வந்த ஒரு பெண்வீட்டார், பையன் தம்முக்கு நாற்பத்தொன்று என்று கேள்விப்பட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். உமர் பாருக் யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று கத்தியைக் கழுவிவிட்டு அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். "கண்ணுக்கு முன்னாடி ஆடுறானுக, அதைப் பாரேன்டா" என்றால், "கண்ணு ஏமாத்தும்க்கா, பாய் எல்லாத்தையும் கணக்குப் பண்ணித்தான் போட்டுருக்காக" என்பான். கூறு கெட்டவன்.

என் தம்பியைப் பற்றி நான் சொல்ல வேண்டும். இராயப்பன்பட்டியில் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு நான்தான் அவனை வளர்த்தேன். திராட்சைத் தோட்டத்தில் பெட்டி தூக்குகிறான். தோளில் காய்ப்பு. ஆனால் பந்து காலில் ஒட்டினால் அவன் வேறு ஆள். இடதுகாலால் அவன் அடித்த பெனால்டி ஒன்றுகூடக் கோல் ஆகாமல் போய் நான் பார்த்ததில்லை. போன கோடையில் ஆற்றோரப் பொட்டலில் டீமுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற டீம் குமுளிக்குப் போய் ஆடும். அங்கே மலையாளத்து கிளப்காரர்கள் வந்து உட்கார்ந்து, பிடித்த ஆளை சீசன் பூராவும் கூட்டிக்கொண்டு போவார்கள். "குமுளி மட்டும் போயிட்டேன்னா போதும்க்கா, பெட்டி தூக்குறத விட்டுருவேன்" என்று தினமும் சொல்வான். நானும் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருந்தேன்.

இறுதி ஆட்டத்துக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். எதிரே சின்னமனூர். டீமுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த உரிமையில் ராஜா முகம்மதும் பத்தாம் நம்பர் போட்டுக்கொண்டு, புது பூட்ஸோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆளுக்கு ஒரு கோல். முடியப் போகிற நேரத்தில் வின்சென்ட் பந்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டி உள்ளே போனான். மூன்றாவது ஆள் காலை வாரிவிட்டான். விசில். பெனால்டி!

என் தம்பி முழங்காலில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பந்தை எடுத்து வைத்தான். அப்போது கூட்டத்தில் ஒரு நாசமாய்ப் போனவன் கத்தினான். "ராஜா பாய் அடிக்கட்டும்! பெனால்டி தொண்ணூத்தேழு!"

ஒருத்தர் சொன்னதும் பொட்டலே சொன்னது. உமர் பாருக் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒருத்தனை வெளியே எடுத்துவிட்டு நாற்காலியைப் பார்த்துக் கையை அசைத்தான். நான் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

"ஏலே வின்சென்ட்டு, பந்தைக் குடுக்காதலே! நீ அடி!"

அவன் என்னைப் பார்த்தான். பந்தை ராஜா முகம்மதுவின் கையில் கொடுத்தான். "பாய் அடிக்கட்டும்க்கா. நான் அறுபதுதான."

ராஜா முகம்மதுவின் முகம் வெளுத்திருந்தது. அவனுக்குத் தெரியும், உள்ளுக்குள் அவனுக்கு நன்றாகவே தெரியும். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொண்ணூற்று நாலு எப்படி மாட்டேன் என்று சொல்லும்? டி.வி.யில் வருவதுபோலவே இரண்டு எட்டு வைத்து நின்று, மறுபடி இரண்டு எட்டு வைத்து உதைத்தான். மண் பறந்தது. பந்து தள்ளாடிக்கொண்டே போனது. சின்னமனூர் கோலி முத்துவீரன் அது வந்து சேரும் வரைக்கும் காத்திருந்து, கத்தரிக்காய் பொறுக்குவதுபோலக் குனிந்து எடுத்தான். நம்ம ஆட்கள் வாயைப் பிளந்து நிற்கும்போதே தூக்கி அடித்தான். முன்னால் நின்ற சின்னமனூர்க்காரன் அதை வாங்கிக் கோலுக்குள் தட்டிவிட்டான். முடிந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் அதையும் மிஞ்சினான். மறுநாள் காலை முத்துவீரனை எடிட் மோடில் செய்து வைத்திருந்தான். கோலி மார்க்கு தொண்ணூற்று ஒன்பது. உமர் பாருக் பார்த்துவிட்டு வந்து கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான்.

"தொண்ணூத்தொம்பது கிட்ட தொண்ணூத்தேழு என்னக்கா பண்ணும்? பாய் மேல தப்பு இல்ல."

"முந்தாநாள் வரைக்கும் அவன் பேரே உங்க பாய்க்குத் தெரியாதேடா!"

"அதான் தோத்தோம்" என்றான். இவனிடம் என்ன பேச? அந்தக் கத்தியைப் பிடுங்கிச் சுவரை வெட்டலாமா என்று இருந்தது.

சின்னமனூர் குமுளிக்குப் போனது. முத்துவீரனை மலையாளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். என் தம்பி திராட்சைப் பெட்டிக்கே போனான். குமுளி என்ற பேச்சையே அவன் அப்புறம் எடுக்கவில்லை.

இந்த வருஷம் ராஜா முகம்மது புது கேம் பெட்டி வாங்கினான். பழையதை அல்லிநகரத்தில் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டான். உள்ளே இருப்பதெல்லாம் தானாகப் புதுசுக்கு வந்துவிடும் என்று நினைத்தானாம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இத்தனை வருஷமும் அவனுக்கு அந்தப் பெட்டியைப் பற்றியும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அல்லிநகரத்துக்காரன் எல்லாவற்றையும் அழித்து யாருக்கோ விற்றுவிட்டான். சரி, முதலிலிருந்து செய்வோம் என்று உட்கார்ந்தால், புது ஆட்டத்தில் எடிட் மோடே இல்லை. எல்லாம் ஆன்லைன். கம்பெனிக்காரன் கொடுக்கிற கார்டைப் பிரித்து, அதில் எந்த வெள்ளைக்காரன் வருகிறானோ அவனை வைத்து ஆட வேண்டும். கம்பெனிக்காரனுக்கு உத்தமபாளையம் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் சாவு வீட்டுக்குப் போவதுபோல ஊரே திரண்டு துட்டி கேட்க வந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒவ்வொருத்தனாக உள்ளே போனார்கள். ராஜா முகம்மது தோளில் துண்டோடு அழுதுகொண்டிருந்தான். "எல்லாம் போச்சு, ஒரு ஆளு மிச்சமில்ல" என்றான். ரபீக்கும் அழுதான், பிரியாணி போன துக்கமாக இருக்கும். வேடிக்கை பார்க்க நானும் வாசலில் போய் நின்றேன். தொலைந்தது சனியன் என்று மனசு குளிர்ந்திருந்தது.

வின்சென்ட் தோட்டத்திலிருந்து நேராக வந்தான், கையெல்லாம் திராட்சைக் கறை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான். நாலு அறை விடப் போகிறான் என்று நினைத்தேன். விட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

"பாய், கடைசியா எனக்கு எம்புட்டுப் போட்டுருந்தீக?"

ராஜா முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்து யோசித்தான். பெட்டியில் ஒன்றும் இல்லை. வாயில் வருவதுதான் மார்க்கு, யாரும் சரிபார்க்க முடியாது. தொண்ணூறு என்று சொல்லித் தொலையேன்டா, காசா பணமா? சொல்லுடா, சொல்லிவிடுடா என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூ, நானும்தான் நின்றேன். அந்தச் சோம்பேறியின் வாயைப் பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல்.

"அறுபத்தி ரெண்டு" என்றான்.

வின்சென்ட் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். செருப்பை மாட்டினான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"ரெண்டு ஏத்திருக்காகக்கா."