பக்கத்து ஃபேக்டரியின் மூன்று தொட்டிகள்

ஆசிட் நெடி சட்டையில் ஏறிவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. காப்பார் என்ற ஊரில், இரும்புச் சாமான்களுக்கு நிக்கல் முலாம் பூசும் ஃபேக்டரியில் நான் சூப்பர்வைசராக இருந்த நாட்கள் அவை...

அப்போதுதான் கழிவுநீர் விதியை இறுக்கினார்கள். சுத்தம் செய்யாமல் ஒரு சொட்டும் பின்னால் ஓடும் லொங்கானில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், விடக்கூடாது. நாங்கள் பெரிதாக ஒரு சுத்திகரிப்புத் தொட்டி கட்டினோம். அது நிறைந்துவிட்டால் முலாம் பூசும் லைனை நிறுத்த வேண்டும். வடியும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பக்கத்து ஃபேக்டரியிலும் அதே வேலை, அதே விதி. ஆனால் அங்கே லைன் நிற்கவே இல்லை. எங்கள் கஸ்டமர்களின் லோரிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின.

அங்கே சூப்பர்வைசர் மாலதி. பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள். படிப்பிலும் எனக்கு முன்னால்தான்...

கழிவைத் திருட்டுத்தனமாக ஊற்றுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு மதியம் அவர்கள் ஃபேக்டரிக்குப் பின்னால் லொங்கானில் குனிந்து பார்த்தேன். தண்ணீரில் நிறமும் இல்லை, நெடியும் இல்லை.

"என்னா குமார், மீன் பிடிக்கிறியா?" மேலே மாலதி நின்றிருந்தாள். "பாக்கணும்னா உள்ள வா லா."

சாமான்களைக் கழுவும் மூன்று தொட்டிகளைக் காட்டினாள்.

"நீங்க மூணுக்கும் தனித்தனியா தண்ணி விடுறீங்க. நாங்க கடைசித் தொட்டிக்கு மட்டும்தான் புதுத் தண்ணி. சாமான் வர்றதுக்கு எதிர்ப்பக்கமா அதுவே ரெண்டாவதுக்குப் போவும், அப்புறம் மொதல் தொட்டிக்கு. கழிவு கொஞ்சமாத்தான் வரும், லைன் நிக்காது. உங்க மேனேஜர்கிட்ட சொல்லு, வேணும்னா நானே வந்து காட்டுறேன்."

வயிறு எரிந்தது. இவ்வளவு எளிதானது எனக்கு ஏன் தோன்றவில்லை?

திரும்பியதும் மேனேஜர் சந்திரன் அண்ணன் கேட்டார். "அவங்க மட்டும் எப்படிடா சமாளிக்கிறாங்க?"

"தெரியலண்ணே."

சொன்னால், மாலதி சொன்னாள் என்றும் சொல்ல வேண்டும். அது என் வாயில் வரவில்லை.

சில மாதங்களில் எங்கள் இரண்டு லைன்களில் ஒன்றை மூடினார்கள். ஆறு பேருக்கு வேலை போனது. அவர்களில் ஒருவரான கோமளா அக்கா போகும்போது, "நீ என்னா செய்வ தம்பி, ரூல்ஸ் அப்படி," என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

இப்போது சுங்கை பூலோவில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். கழிவைக் குறைப்பதற்கெல்லாம் இன்று ட்ரெய்னிங் நடத்துகிறார்கள். போன மாதம் ஒன்றுக்குப் போனேன்... பாடம் எடுத்தது மாலதி.

டீ நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தாள். "அன்னிக்குச் சொன்னேனே குமார், ஏன் செய்யல?"

"மேனேஜர் ஒத்துக்கல லா."

இத்தனை வருஷம் கழித்தும் பொய்தான் வந்தது. பழியை அந்த நல்ல மனுஷன் மேல் போட்டுவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்... கொஞ்சம் தாமதமாக.