ஜிம்மிக்கு ஓர் ஒத்திகை

போன ஞாயிறு பின்னேரம் பக்கத்து வீட்டு வதனி ஒரு பாத்திரம் நிறையப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து தந்தார். எங்கள் சின்னத் தெருவில், இந்த ஒழுங்கையில், செத்த வீட்டுக்குத்தான் இப்படிச் சாப்பாடு வரும். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை.

"கவலைப்படாதேங்கோ அண்ணை" என்றார். "எயார்போட்டிலை மறிச்சுத் திருப்பி அனுப்பினால் என்ன... வேறை ஏஜென்சியைப் பிடிச்சால் சரிவரும்."

நான் அப்போதுதான் கிட்டவுள்ள கொடிகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும் – நானும் மனைவி சாந்தியும் வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் உலகம் சுற்றப் போகிறோம். வியட்நாம், ஜோர்ஜியா, அதற்குப் பிறகு காசும் காலும் விடுகிற தூரம்வரை. முடிவெடுத்த அன்று பொங்கிய சந்தோஷம், ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றே வடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே கேள்விகள்தான். விசா கிடைக்குமா? பாஷை தெரியாத ஊரில் காய்ச்சல் வந்தால்? திரும்பி வந்தபின் இந்த வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்?

இதில் இன்னொரு கூத்து, எங்கள் ஊர் மானிப்பாயில் ஒருவரும் எங்களை நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போவது என்றால் போய் அங்கேயே தங்கிவிடுவது. சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொன்னால் ஒரு சிரிப்பு. "ஓம் ஓம்... எந்த நாடெண்டு சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ." உண்மையைச் சொல்லச் சொல்ல நான் பெரிய பொய்யனாகிக்கொண்டிருந்தேன்.

நம்பாதவர்களில் முதல் ஆள் எங்கள் நாய் ஜிம்மி.

உண்மையில் அது எங்கள் நாயே அல்ல. முன்வீட்டுக்காரர் குடும்பத்தோடு கனடா போனபோது விட்டுவிட்டுப் போன நாய். பூட்டிய கேற்றுக்கு முன்னால் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. எலும்பும் தோலுமான பிறகு, ஒரு நாள் தானாகவே ஒழுங்கையைக் கடந்து எங்களிடம் வந்தது.

பயணத்துக்காக நான் அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை முதன்முதலில் இறக்கியதும், ஜிம்மி எழும்பிப் போய் எங்கள் கேற்றடியில் படுத்துக்கொண்டது. சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. சூட்கேஸ் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று அதற்கு ஏற்கெனவே தெரியும்.

சாந்தி அழுதுவிட்டாள். "இதை இப்பிடி விட்டிட்டு என்னெண்டப்பா போறது? நான் வரேல்லை. நீங்கள் வேணுமெண்டால் போங்கோ."

"நீர் வராமல் நான் தனியப் போய் என்ன செய்யிறது?"

பயணமே நின்றுவிடும்போல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. நாயைச் சாட்டி வீட்டிலேயே இருந்துவிடலாமே...

ஆனால் அடுத்த நாள் சாந்தியே ஒரு வழி கண்டுபிடித்தாள். "சூட்கேஸ் போனால் திரும்பி வரும் எண்டு அதுக்குப் பழக்குவம்."

கொடிகாமத்தில் அவளுடைய அக்கா இருக்கிறார். சனிக்கிழமை சூட்கேஸை உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் போவோம். ஞாயிறு அதே சூட்கேஸோடு வந்து சேருவோம். போகும்போது உள்ளே மாற்றி உடுக்க ஒரு சாரமும் துடைக்க ஒரு துவாயும். வரும்போது அக்கா தந்த முருங்கைக்காய். ஜிம்மிக்குச் சோறு வைக்கச் சொல்லி வதனியிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்தபோது, கொடிகாமம் போகிறோம் என்று சொல்லித்தான் கொடுத்தோம். கொடிகாமத்துக்கு யார் இவ்வளவு பெரிய சூட்கேஸ் கொண்டுபோவார்கள்? மூன்றாவது தடவையும் நாங்கள் "திருப்பி அனுப்பப்பட்டதும்" அவருக்குப் பொறுக்கவில்லை. அதுதான் அந்தப் புட்டு.

அவரை இருத்திவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். வதனி பொறுமையாகக் கேட்டார்.

"ஜிம்மியை நான் பாக்கிறன் அண்ணை. அது பிரச்சினையில்லை. ஆனா உண்மையைச் சொல்லுங்கோ... திரும்பி வருவியளோ? முன்வீட்டு ஆக்களும் வருவம் எண்டுதான் எனக்குச் சொன்னவை."

"ஓம்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

நேற்று மறுபடியும் சூட்கேஸை இறக்கினேன். இந்தமுறை உண்மைப் பயணத்துக்கு, வியாழக்கிழமை விமானம். கம்பளிச் சட்டை, மருந்துப் பை எல்லாம் உள்ளே போயின. ஜிம்மி சோற்றிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒருதரம் வாலை ஆட்டியது. பிறகு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சூட்கேஸில் முதுகைச் சாய்த்து நித்திரையாகிவிட்டது. அடுத்த நாளே வந்துவிடுவோம் என்று அதற்கு இப்போது நிச்சயம்.

சாந்தி என்னைப் பார்த்தாள். பிறகு ஜிம்மியின் வெறும் சோற்றுத் தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

இந்த ஊரில் எங்களை நம்புகிற ஒரே ஆள் இப்போது ஜிம்மிதான். அதற்கு மட்டும்தான் நாங்கள் பொய் சொல்லியிருக்கிறோம்.