நாற்பத்து மூன்று கோப்புகள்

செலாயர் தீவு மருத்துவமனையின் கணினிகளுக்கெல்லாம் தென்றி ஒருத்திதான் பொறுப்பு. ரத்த வங்கி, மருந்தகம், பதிவு அறை எல்லாமே ஒரே லினக்ஸ் சர்வரில் ஓடின. அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒரு கருவி ஒவ்வொரு அமைப்புக் கோப்பையும் காட்டிக் கேட்கும்: நீ திருத்தி வைத்த பழையது இருக்கட்டுமா, புதிதாக வந்ததைப் போடட்டுமா?

அன்று காலை நாற்பத்து மூன்று கோப்புகள். முப்பதுவரை வரி வரியாகப் பார்த்தாள். அதற்குள் பதிவு அறையிலிருந்து நான்காவது முறையாகத் தொலைபேசி. வரிசை வாசல் தாண்டிவிட்டதாம். 'மீதி எல்லாவற்றுக்கும் புதியது' என்ற தேர்வின் எண்ணை அழுத்தி, சர்வரை மறுபடி இயக்கினாள்.

சற்று நேரத்தில் ரத்த வங்கியைக் கவனிக்கும் ஹஸ்னா ஓடிவந்தார். அந்தத் தீவு வழக்கப்படி எல்லாரும் அவரை 'இபு', அதாவது அம்மா, என்றுதான் அழைப்பார்கள்.

"கொடையாளர் பட்டியல் திறக்கவே மாட்டேங்குது. பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ். இந்தத் தீவுலயே அஞ்சாறு பேர்தான், யாருன்னு எனக்கு ஞாபகமா இருக்கு?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க, இபு."

"எங்கிட்ட எதுக்குக் கேக்குற? அந்தப் பொண்ணுகிட்ட போய்க் கேளு!"

பட்டியலைத் திறக்கும் கடவுச்சொல் இருந்த கோப்பின் மேல்தான் புதியது ஏறியிருந்தது. பழைய கோப்புகளை எடுத்துவைக்கும் வசதி அந்தக் கருவியிலேயே உண்டு. தென்றி அதை இயக்கவே இல்லை. காப்புப் பிரதியில் அதே கடவுச்சொல்லால் பூட்டிய தரவு இருந்தது, அந்தக் கோப்பு இல்லை. அவளுக்கு முன் இதே வேலையில் இருந்து கடவுச்சொல்லை வைத்த பாசோ, வேலையை விட்டுக் கப்பலில் சேர்ந்திருந்தார். அவர் கைபேசி எட்டவில்லை. நினைவுக்கு வந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தாள். எதுவும் திறக்கவில்லை.

"இபு, என்னால முடியல. நான்தான் அழிச்சிட்டேன்."

ஹஸ்னா திட்டவில்லை. "எழுந்திரு. பள்ளிவாசலுக்கு ஓடு."

மழையில் ஓடினாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ரத்த வகையை இரண்டு முறை சொல்லி, இருப்பவர்கள் மருத்துவமனைக்கு வரும்படி கேட்டாள். முக்கால் மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு படகுத்துறைச் சமையல்காரர் ஒருவர், மீன் செதில் ஒட்டிய கையோடு வந்து நின்றார். அடுத்து ஒரு பள்ளி ஆசிரியை.

பெண் பிழைத்தாள். ஆனால் கருப்பையை எடுக்க வேண்டியிருந்தது. தாமதம் என்றார் மருத்துவர்.

இரண்டு நாள் கழித்துப் பாசோ ஏதோ துறைமுகத்திலிருந்து அழைத்துக் கடவுச்சொல்லைச் சொன்னார். பட்டியல் திறந்தது. அதில் ஓ நெகட்டிவ் என்று ஆறு பெயர்கள் இருந்தன. ஒருவர் மருத்துவமனைக்கு எதிர்க்கடையிலேயே இருந்தார்; அன்று மழைச் சத்தத்தில் அவருக்கு ஒலிபெருக்கி கேட்கவில்லையாம்.

தென்றி நடந்ததை மறைக்காமல் எழுதி இயக்குநரிடம் கொடுத்தாள். பிறகு பிரசவ வார்டின் வாசல்வரை போனாள். உள்ளே போக முடியாமல் அங்கேயே நின்றாள்.