மிலிட்டரி வண்டி ஆக்னஸ்

செவ்வாய்க்கிழமை காலை ஆக்னஸின் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "பெரியம்மா, அம்மா ஜெபம் முடிச்சுட்டு நாற்காலியில உக்காந்தாங்க. காப்பி கொண்டு போனனுங்க. போயிட்டாங்க" என்றான். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நம் கான்வென்டில் என்னோடும் ஆக்னஸோடும் படித்தவர்களுக்கு அவளை இரட்டைச் சடையோடுதான் நினைவிருக்கும். திருப்பூரில் அவள் மிலிட்டரி வண்டி ஆக்னஸ். இரு தரப்பாருக்குமாக இதை எழுதுகிறேன்.

அவள் கணவர் ராணுவத்தில் வண்டி மெக்கானிக். ஊர் ஊராக மாற்றலாகிப் போன அந்தக் காலத்திலேயே மனைவிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஓய்வு பெற்றதும், ராணுவம் கழித்துவிட்ட, பெட்ரோலில் ஓடும் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். ராணுவப் பச்சையோடு ஓட்டக்கூடாது என்று நீலம் அடித்தார்கள். நீலம் உதிர்ந்த இடமெல்லாம் பச்சை தெரிந்தது. அவர் காலமான பிறகு எல்லாரும் வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில்தான் நானும் கணவரை இழந்தேன். நான் பனியன் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதிக்கு வார்டனாகப் போனேன். ஆக்னஸ் லாரியில் ஏறி உட்கார்ந்து, காதர்பேட்டை பனியன் கடைகளுக்குத் துணி மூட்டை ஏற்றினாள்.

அந்த லாரி திருப்பூர் ராயபுரத்தில் என் தெருவுக்குள் வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். பேச்சு நின்றுவிடும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இந்தச் சத்தத்தைக் குறைக்க வழியே இல்லையா?"

"ஏனுங்க வார்டனம்மா, உங்க தொண்டையவிடவா?" என்று கும்பிட்டாள். பிறகு, "சத்தம் போடற வண்டி பொய் சொல்லாது புள்ள. எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லீரும்" என்றாள்.

விளையாட்டுப் பேச்சென்று நினைத்தேன். ஒருமுறை அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனபோதுதான் விளங்கியது. கிளட்சை இரண்டு முறை மிதித்து, இஞ்சின் சத்தம் ஏறி இறங்குவதைக் காதால் பிடித்து, அந்த ஒரு நொடியில் கியரைப் போட வேண்டும். தவறினால் பல்லோடு பல் அரைபடும். நான் அருகில் இருந்தவரை ஒருமுறையும் அரைபடவில்லை.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சனிக்கிழமைகளில் வண்டியைப் பார்ப்பாள். துடைப்பதற்கு வெள்ளைப் பனியன் வேஸ்ட், அந்த வெட்டுக் கழிவுத் துணிதான் வேண்டும். "கலர் துணி சாயம் விட்டுச்சுன்னா, எண்ணெய் கறுத்துதா துணி கறுத்துதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்பாள். பள்ளியில் கணக்கைச் சரியாகப் போட்டதற்காக என்னைக் கேலி செய்தவள் அவள்.

இனி ஒரு மழை நாளைச் சொல்ல வேண்டும். எங்கள் விடுதி ஓடைக்கு அப்பால், பள்ளமான இடத்தில், சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றைத்தளக் கட்டடம். அன்று கம்பெனிக்கு விடுமுறை. பெண்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். நான் வங்கிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தரைப்பாலத்தின் மேல் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விடுதிப் பிள்ளைகள் கட்டில் மேல் ஏறி நிற்பதாகத் தகவல் வந்தது. அந்த வழியே வந்த டிராக்டர்காரர் ஒருவர் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "வண்டி போனாப் பரவால்லீங்க, உசுரு போயிருமுங்க" என்று திரும்பிப் போனார். பக்கத்துக் கடையிலிருந்து ஆக்னஸுக்குப் போன் செய்தேன்.

வந்ததும் முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றினாள். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி இஞ்சின் மேல் அடிக்குமாம். நான் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ எதுக்கு?"

"என் பிள்ளைகள்."

"சரி. வாயைத் தொறக்கக் கூடாது. எனக்கு இஞ்சின் கேக்கோணும்."

பள்ளிக் கன்னியாஸ்திரிகளுக்குப் பிறகு என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டேன். போகும்போது ஒரே கியரில், ஒரே சீராக உறுமிக்கொண்டு லாரி அக்கரை ஏறிவிட்டது. பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பாலத்தின் நடுவே இஞ்சின் நின்றது.

தண்ணீரின் ஓசை மட்டும் கேட்டது. என் செருப்பு நனைந்தது. பின்னால் அழுகையும் நகரும் கால்களும்.

"இப்பப் பேசு" என்றாள் ஆக்னஸ். "எல்லாரும் ஒரு பக்கமா எந்திரிச்சா வண்டி சாஞ்சிரும்."

தலையை வெளியே நீட்டி, "யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்றேன்.

"பயமாருக்கு மேடம்" என்றாள் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி.

"பயப்படு. உட்கார்ந்து பயப்படு."

கால்கள் அடங்கின. ஆக்னஸ் இருப்பதிலேயே சின்ன கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் இழுத்தாள். இஞ்சின் உயிர் பெறவில்லை. ஆனால் பேட்டரியின் பலத்திலேயே அத்தனை பாரமும் ஒரு முக்கலோடு முன்னால் நகர்ந்தது. ஒரு முழம் இருக்கும். உடனே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இழு ஆக்னஸ்."

"ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கருகிப் போயிரும். மூச்சு விடட்டும்."

மறுபடி ஒரு முழம். மறுபடி மடியில் கை. வெள்ளம் கதவில் மோதிக்கொண்டிருந்தது. அவள் முகத்தை அப்போது பார்த்தேன். பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்குக் காத்திருக்கும் முகம். முன்சக்கரம் மேட்டைத் தொட்டதும் கரையில் நின்ற ஆண்கள் இறங்கி வந்து, பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தியும் குறையவில்லை.

பிறகு கேட்டேன்: "பேட்டரி தீர்ந்து போயிருந்தால்?"

"சனிக்கிழமைதான பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனேன்" என்றாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஆக்னஸை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக்கு அந்தத் தென்காசிப் பக்கத்துப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆக்னஸின் துணிச்சல் எனக்கு வராது. அதை ஆசைப்பட்டும் பயனில்லை. நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது, ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் இருந்த அந்தப் பொழுதை. எல்லாரும் அழும்போது, நானே அவசரப்படுத்தும்போது, வெள்ளத்தின் நடுவில் ஒரு பெண் மடியில் கைவைத்து, இயந்திரம் மூச்சு விடக் காத்திருந்தாள்.