கடலிலிருந்து வந்த பதில்கள்

நடந்தது இந்த வரிசையில்:

1. நான் வேலை பார்க்கும் அடையாறு மருத்துவமனை நொச்சிக்குப்பத்தில் ஒரு முகாம் நடத்தியது. மீன் விற்கும் ஒரு பெண் பெயர் கொடுத்தார். வயது முப்பத்திரண்டு. அவருடைய அக்கா இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோயில் இறந்தவர்.

2. இப்படி வயது குறைந்தாலும் சோதனை அவசியமானவர்களைக் கண்டுபிடித்து, வாட்ஸ்அப்பில் பேசி வரவழைக்கச் செயற்கை நுண்ணறிவில் ஒரு செயலி செய்திருந்தேன். அது பட்டியலில் அவரைத்தான் முதலில் வைத்தது.

3. "மார்பில் கட்டி தட்டுப்படுகிறதா?" என்று கேட்டது. "இல்ல" என்று பதில். "வலி?" "முட்டில கீது."

4. செயலி அவரைக் கடைசிக்குத் தள்ளியது.

மார்பைப் பற்றிக் கேட்டால் முட்டி வலி என்று வந்த அந்தப் பதில் என்னை உறுத்தியது. மறுநாள் காலை மயிலாப்பூரில் என் வீட்டிலிருந்து நேராக அவர் கடைக்கே போனேன். சங்கரா மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"நானா? நான் எங்க பதில் போட்டேன்? வூட்ல ஒரே போனு. அது அவரோட கடலுக்குப் போய்க்கினு கீது."

பக்கத்துக் கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன் புருசனுக்கு மார்ல கட்டி இல்லியாம்டி. நல்ல சேதிதான?"

அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க அக்காவும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லிக்கினு இருந்துச்சு. எனுக்குப் பயமா கீதும்மா."

"அதனாலதான் வந்தேன். என்னிக்கு வர முடியும், சொல்லுங்க."

"வெள்ளிக்கெழம யாவாரம் கம்மி. அன்னிக்கு வரேன்."

வருவதாக அவர் வாயாலேயே கேட்ட பிறகுதான் கிளம்பினேன்.

அன்று மாலையே செயலியைத் திருத்தினேன். போன் யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேட்கும். சம்பந்தப்பட்டவர் இல்லையென்றால் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது. செவிலியர் நேரில் போவார். பதில் சொன்னது யார் என்று தெரியாத எல்லோரையும் மறுபடி முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன். வேலை இரட்டிப்பாகும் என்றார் மேலாளர். ஆகட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை சொன்னபடியே வந்தார். ஸ்கேனில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. ஊசி மூலம் திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. எதுவானாலும், ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம் என்கிறார் மருத்துவர்.