ஃபிரிட்ஜ் கதவில் என் கையெழுத்து

அமெரிக்காவில் இருக்கும் என் மாப்பிள்ளை வருஷம் ஒருமுறை எங்கள் ஊர் போலாரத்துக்கு வருவார். மாமனாரைப் பார்க்க என்பார். அங்கே இன்சுலின் விலை அதிகம், வாங்கிப்போகத்தான் வருகிறார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

வழக்கமாக மருந்தை எடுத்துவைப்பது என் மகள். இம்முறை அவர் தனியாக வந்திருக்கிறார்.

இன்று காலை மொத்தத்தையும் வாங்கிவந்து ஃப்ரீசரில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐஸ் ஆயிட்டா பிளைட்டுல தாங்கும், மாமய்யா."

நானும் இன்சுலின் போடுகிறவன். உறைந்துவிட்டால் மருந்து குப்பைக்குத்தான். ஓடிப்போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். நல்லவேளை, எதுவும் உறையவில்லை.

"கதவுல எழுதி ஒட்டியிருக்கேனே, பாக்கலையா மாப்பிள்ளை?"

"பார்த்தேன். ஏதோ ஸ்லோகம்னு கும்பிட்டுட்டுத்தான் திறந்தேன்."

மாப்பிள்ளை தெலுங்குக்காரர். தமிழ் பேசுவார், படிக்க வராது. நான் இந்த வருஷம்தான் எழுத்துப் பழகினேன். முதன்முதலில் எழுதி ஒட்டியது அந்தக் காகிதம்: 'இன்சுலினை ஃப்ரீசரில் வைக்காதே.'

இரண்டு பட்டம் வாங்கியவருக்கு நான் படித்துக் காட்டினேன். கொஞ்சம் சத்தமாகவே படித்தேன்.

மத்தியானம் அவர் காகிதத்தைப் பிய்த்துத் தன் பயணப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"எங்க ஃபிரிட்ஜுக்கு வேணும்."

"உங்களுக்குத்தான் படிக்க வராதே?"

"படிக்க வேணாம் மாமய்யா. பார்த்தாலே உங்க சத்தம் கேக்கும்."

இப்போது எங்கள் கதவு காலி. புதிதாக எழுத எனக்கு அரைமணி நேரம் ஆகும். வேறு யார் வீட்டுக்காவது வேண்டுமானால் இப்போதே சொல்லுங்கள், சேர்த்தே எழுதிவிடுகிறேன்.