பெரட்டில் இல்லாத பெயர்

லோகநாதனைப் பற்றி அன்று எனக்கு முதலில் வந்த செய்தி, அவர் நலமாக இருக்கிறார் என்பதுதான். வத்தலக்குண்டிலிருந்து கம்பி ஏற்றிய லாரியில் மலையேறிக்கொண்டிருந்தேன். மதுரை தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அட்டுவம்பட்டி சைட்ல தடுப்புச்சுவர் சரிஞ்சிருச்சு சார். பயப்படாதீங்க, ஆளுங்க யாருக்கும் ஒண்ணுமில்ல. ஸ்கிரீனைப் பாத்துட்டுத்தான் பேசறேன். எல்லாரும் ரோட்டு வளைவுல நிக்கிறாங்க. லோகநாதன் சாரும் அங்கதான் இருக்காரு." அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலைச்சரிவில் ஒரு தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தோம். லோகநாதன் சைட் இன்ஜினியர். நான் தரம் பார்ப்பவன். ஒவ்வொரு தொழிலாளியின் போனிலும் கம்பெனியின் செயலி உண்டு. யார் வந்தார், எங்கே நிற்கிறார், எவ்வளவு வேலை முடிந்தது என்பதெல்லாம் அந்த நிமிடமே மதுரையில் பெரிய திரையில் தெரியும். ஆளுக்கொரு பச்சைப் புள்ளி. லோகநாதனுக்கு அது பிடித்திருந்தது. கான்கிரீட் வண்டி எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று ரோட்டு வளைவில் நின்று பார்த்து, அது வந்து நிற்கும்போது ஆட்களைத் தயாராக வைத்திருப்பார். இயந்திரத்தைத் திட்டிப் பெருமை தேடுகிற ஆள் அல்ல அவர்.

தொல்லை சிக்னலில்தான். சரிவுக்குள் இறங்கினால் ஒரு கோடுகூட இருக்காது. மேலே வளைவில், காதர் பாய் டீக்கடையில் மட்டும் கிடைக்கும். போனிலிருந்து பதிவு போகாவிட்டால் அன்று வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். அதனால் காலையில் எல்லோரும் பாயின் பழைய பிஸ்கட் டின்னில் போனைப் போட்டுவிட்டு வேலைக்கு இறங்குவார்கள். நாள் முழுக்க அந்த டின்தான் சமர்த்தாக வேலைக்கு வந்துகொண்டிருந்தது. லோகநாதனின் போனும் அதில்தான் கிடக்கும். அவர் இதை ஒளிக்கவில்லை. பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து, வாராந்திர வீடியோ கூட்டத்தில் என் காதுபடச் சொன்னார்: "சார், இங்க நிக்கிறது போனு, ஆளு இல்ல. கீழ சிக்னல் வர்றதுக்கு ஒரு பெட்டி மாட்டிக் குடுங்க. அது வரைக்கும் இந்தப் புள்ளிய நம்பாதீங்க." யாரோ சிரித்தார்கள். "டேட்டா வருதுல்ல, அடுத்த மாசம் பாப்போம்" என்றார்கள்.

அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அங்கே விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்களாம். அதை அவர் சாயங்காலத்துக்கு மாற்றி எங்கள் சைட்டுக்குக் கொண்டுவந்தார். வேலை முடிந்ததும், மழை பிடித்துக்கொண்டால் நடுவிலும், மண்பாதையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போக மாட்டார்.

எனக்கு அது எரிச்சலாக இருக்கும். "செயலி இருக்கறப்ப எதுக்குங்க பள்ளிக்கூடம் நடத்துறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "தோட்டத்துல வேலைக்கு எறக்கும்போது பேரு கூப்பிட்டாங்க சேகர். வேலை முடிஞ்சு ஏறும்போது ஒருத்தரும் கூப்பிடல. எங்க பெரியப்பா மண்ணுக்குள்ள கெடந்தது மறுநாள் பெரட்டுலதான் தெரிஞ்சிச்சு" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் கிண்டல் செய்ததில்லை.

பேத்துப்பாறையிலிருந்து வரும் சித்தாள் பாண்டியம்மா ஒருமுறை மழையில் நனைந்த கடுப்பில், "செத்துட்டேன், போங்க சாரு" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தோம். லோகநாதன் சிரிக்கவில்லை. "ஒழுங்காச் சொல்லுங்கம்மா" என்று அந்த மழையிலேயே நின்றார். பாண்டியம்மா "இருக்கேன்" என்ற பிறகுதான் அடுத்த பெயர்.

சுவர் விழுந்த அன்று நான் வளைவில் இறங்கியபோது, திரையில் நின்ற கூட்டத்தில் ஒருவரும் அங்கே இல்லை. பனிமூட்டமும் பாய் கடையும்தான் இருந்தன. டின்னுக்குள் ஒரு போன் அடித்துக்கொண்டிருந்தது. "லோகநாதன் சாரு போனுதான்" என்றார் பாய். "மதுரைக்காரங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. சாரு இங்க இல்லன்னு சொன்னா, 'பக்கத்துலதான் காட்டுது, நல்லாப் பாருங்க பாய்'ங்கறாங்க."

கீழே ஓடினேன். டீ குடிக்க, பாதி வழியில் இருந்த சைட் கொட்டகைக்கு ஏறியிருந்ததால் தொழிலாளிகள் தப்பியிருந்தார்கள். பொக்லைன் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி வளைவுக்குப் போய் மதுரையைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்: அடியில் யாரும் இல்லை, இன்னும் சரியலாம், மண்ணைத் தொட வேண்டாம். லோகநாதன் டவுனுக்குப் போயிருப்பார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

பாண்டியம்மாதான் கேட்டார். "சாரு இன்னும் பேரு கூப்பிடலையே? சொவரு விழுந்து இம்புட்டு நேரமாச்சு. எங்கிட்டு நின்னாலும் வெரசா ஓடியாந்து எங்க பேரக் கூப்பிட்டிருப்பாருல்ல?"

டிரைவர் யாரையும் கேட்காமல் சாவியைத் திருப்பினார். நாங்கள் மண்வெட்டியோடு இறங்கினோம்.

சுவரின் காலடியில் கிடந்தார். சுவர் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும் கருவி பழுதாகியிருந்ததால், அதைப் பார்க்கத் தனியாகப் போயிருக்கிறார். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. உடம்பில் சூடு இருந்தது. அந்தச் சூட்டை என் கை மறக்க மறுக்கிறது. மதுரைத் திரையில் அவர் அப்போதும் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவிக்கும் அதே நிம்மதியான குரலில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா அவருக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த பிறகு, அவர் கேட்ட பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். இப்போது சரிவின் அடிவரைக்கும் சிக்னல் கிடைக்கிறது. புள்ளிகள் சரியான இடத்தில்தான் நிற்கின்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பெரட்டு. சாயங்காலம் அதே மண்பாதையில் நின்று நான் கூப்பிடுகிறேன். அவருடைய பெரட்டில் ஒரே ஒரு குறை இருந்தது. கூப்பிடுகிறவரின் பெயர் அதில் இல்லை. தினமும் பதில் சொல்லிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அவருக்கும் உறைக்கவில்லை.

நான் கூப்பிட்ட முதல் நாள், கடைசிப் பெயருக்கும் பதில் வந்த பிறகு கிளம்பத் திரும்பினேன்.

"சேகரு சாரு!" என்று பாண்டியம்மா கூப்பிட்டார்.

ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரும் நகரவும் இல்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இருக்கேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் கலைந்து போனார்கள்.